ராமநாதபுரம் கடற்கரையை ஊர்க்காரரின் நாளோடு சேர்ந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு விருந்தினர் பஞ்சம் வருவதில்லை. ராமேசுவரத்துக்குப் போகும் உறவினரும் நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும், எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டுத்தான் பாம்பனைத் தாண்டுவார்கள். எல்லாரும் பார்த்துவிட்டுப் போவதைத் தவிர இந்த ஊர் மக்களின் வாழ்க்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், அதற்கு என்ன செய்வது என்று அவர்களில் பலர் இப்போது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

ராமேசுவரம், பாம்பன் பாலம், தனுஷ்கோடி மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். அதற்கு மேல் இந்தக் கடற்கரையில் என்ன இருக்கிறது?

பார்த்துவிடலாம், பெரும்பாலானோர் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் மாவட்டத்தின் கடற்கரை தொண்டிக்கு வடக்கே தொடங்கி, தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரை பாக் நீரிணையை ஒட்டியும், அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வழியாகத் தூத்துக்குடி எல்லை வரை மன்னார் வளைகுடாவை ஒட்டியும் நீள்கிறது. இரண்டும் வேறு வேறு கடல்கள். தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனையை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் குளம் போல் கிடப்பதைப் பெண்கடல் என்றும், வலப்பக்கம் அலையடித்துக்கொண்டிருப்பதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். காற்று மாறினால் இரண்டின் குணமும் மாறும் என்பதை ஒரே நாளில் வந்து போகிறவர் அறிய வழியில்லை. இரண்டு கடல்களுக்கும் வெவ்வேறு வலைகளும் வெவ்வேறு பருவங்களும் இருக்கின்றன. கரையோர ஊர்களிலும் கோயில் திருவிழாவும் தர்கா கந்தூரியும் மாதா கோயில் தேரும் அடுத்தடுத்து வருகின்றன.

‘உண்மையான’ உள்ளூர் அனுபவம் எது, பயணிகளுக்காக ஏற்பாடு செய்யப்பட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் வைத்திருக்கும் சோதனை எளியது. நீங்கள் வராமல் இருந்திருந்தாலும் அந்தக் காரியம் அன்றைக்கு அதே நேரத்தில் நடந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மீன் ஏலம் நடந்திருக்கும். பனையேறி மரத்திலிருந்து இறங்கியிருப்பார். நோன்புக் காலத்து மாலையில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சியிருப்பார்கள். ‘மீனவர் வாழ்க்கையை ஒரு மணி நேரத்தில் அனுபவியுங்கள்’ என்று விடுதி வரவேற்பறையில் எழுதி வைத்திருப்பது உங்களை நம்பித்தான் நடக்கிறது.

இந்தச் சோதனையை முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. ராமேசுவரத்தில் வெளியூர்க்காரருக்காக நடப்பதே மிகப் பழைய உள்ளூர்த் தொழில். கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளியை இறக்கி, வரிசையில் நிற்பவர் தலையில் நீரைக் கொட்டும் ஆட்களின் கைவேகமும், ஈர வேட்டிகளும் சேலைகளும் கிணற்றுக்குக் கிணறு ஓடும் ஓட்டமும், வட இந்திய யாத்திரிகரிடம் அரைகுறை இந்தியில் விலை பேசும் பூக்காரரும் இந்த ஊருக்கே உரியவை. கூட்டம் அதிகம் என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிறிது எரிச்சல் வரும். சேதுவுக்கு யாத்திரை வருகிறவர்களால் வளர்ந்த ஊர் அது.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

விடுதிக் கட்டணத்தைப் பார்த்து நாள் குறிப்பதற்கு முன் கடலின் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம் அது. பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான் வருகிறது; ஆகவே குடும்பத்தோடு வருகிறவர்கள் படகுகள் எல்லாம் நங்கூரமிட்டுக் கிடக்கும் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று திரும்புகிறார்கள். உண்மையில் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதும், வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் தைப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. ஓடாவி என்று நாங்கள் சொல்லும் படகுத் தச்சர் பகல் முழுவதும் வேலையில் இருப்பதைப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. பதநீரும் நுங்கும் அந்த நாட்களிலும் கிடைக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் மீன் அடியோடு நின்றுவிடுவதும் இல்லை.

தடைக்காலம் முடிந்த பிறகும் ராமேசுவரம் பகுதி விசைப்படகுகள் எல்லா நாளும் போவதில்லை. நாட்டுப்படகுகளுக்கும் விசைப்படகுகளுக்கும் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாட்டின்படி, விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கிளம்பி மறுநாள் காலையில் கரை திரும்பும். வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை என்று இந்த ஒழுங்கும் அடிக்கடி கலையும். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து வந்த உறவினர்களை விடியற்காலை நான்கரை மணிக்கு எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு துறைமுகத்துக்கு அழைத்துப்போனேன். அன்று வெள்ளிக்கிழமை. காக்கைகளையும் மூன்று நாய்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதன் பிறகு முதல் நாள் மாலையே தேநீர்க் கடையில் விசாரிக்காமல் யாரையும் நான் எழுப்புவதில்லை.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் கோடை மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை அடங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதால் பயணத்தை மாற்றிக்கொள்ள இடம் வைத்தே திட்டமிட வேண்டும். மார்கழியில் வருகிறவர்கள் திருவாதிரையையொட்டி வந்தால், உத்தரகோசமங்கையில் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் மரகத நடராசரைக் காப்புக் களைந்த நிலையில் காணலாம். அந்த ஒரு நாளுக்காகச் சுற்றுவட்டாரமே அங்கே திரளும்.

மீன்பிடிப் படகில் எங்களையும் கடலுக்குள் அழைத்துப் போவார்களா?

மாட்டார்கள், கேட்காமல் இருப்பதே நல்லது. மீன்பிடிப் படகில் பயணிகளை ஏற்றுவது சட்டப்படி தவறு. அதற்கும் மேலாக, இது எல்லைக் கடல். இங்கிருந்து போகும் மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்படுவதும், படகுகள் அங்கேயே தங்கிவிடுவதும் ஊரில் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்த துயரம். ஒரு ரூபாய்த் தாளை நீட்டி, ‘சும்மா ஒரு ரவுண்டு’ என்று கேட்பவர் அந்தப் படகுக்காரரின் உரிமத்தையே பணயம் வைக்கச் சொல்கிறார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி பெற்றவர்கள் மட்டுமே போக முடியும்.

கடலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முறையான வழிகள் இருக்கின்றன. தொண்டிச் சாலையில் உள்ள காரங்காட்டில், வனத்துறையோடு சேர்ந்து ஊர் மீனவர்களே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். படகோட்டுபவர் அந்த ஊர்க்காரர் என்பதால், எந்தக் கால்வாயில் எப்போது நண்டு கிடைக்கும், எந்தப் பறவை எந்த மாதத்தில் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையிலும் இதே போன்ற படகுச் சவாரி உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், தனியார் யாராவது ‘தீவில் இறக்கிவிடுகிறேன்’ என்று சொன்னால் போக வேண்டாம்.

படகில் ஏறாமலே பார்க்கக் கூடியது கரைவலை. கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். இழுத்து முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். யாராவது உங்களைப் பார்த்து, ‘வாங்க, ஒரு கை பிடிங்க’ என்று சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பிடிக்கலாம். சொல்லாவிட்டால் கயிற்றுக்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

ஏலத்தில் வெளியாட்கள் நிற்கலாமா, மீன் வாங்கலாமா?

நிற்கலாம். ஆனால் அது வேலை நடக்கும் இடம் என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே உணர்ந்துவிடுவீர்கள்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர் உங்களுக்காக நிற்க மாட்டார். தரை முழுக்க ஐஸ் தண்ணீர் என்பதால் பழைய செருப்பு நல்லது. ஏலக்காரர் விலையை ஏற்றும் வேகம் பழகாத காதுக்குப் பிடிபடாது; பெட்டிக் கணக்கில் வாங்கும் வியாபாரிகளுக்காகவே அது நடக்கிறது. ஒரு கிலோ வேண்டும் என்பவர்கள், ஏலத்தில் எடுத்த மீனைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கூறு வைத்து விற்கும் பெண்களிடம் வாங்க வேண்டும். பேரம் பேசலாம், அவர்களும் அதை எதிர்பார்ப்பார்கள். ஆனால் நகர்ப்புறக் கடையின் விலையைச் சொல்லிக்காட்டாதீர்கள்.

பேச்சைத் தொடங்க வேண்டுமென்றால், ‘இன்றைக்குப் பாடு எப்படி?’ என்று கேளுங்கள். பாடு என்றால் அன்று வலையில் பட்ட மீன். ‘பாடு இல்லை’ என்று பதில் வந்தால் மேற்கொண்டு தோண்டக் கூடாது. டீசல் கடனோடு திரும்பியவராக இருக்கலாம். பாக் நீரிணையோர ஊர்களில் ஏலத்தைவிட எனக்குப் பிடித்த காட்சி, வீட்டுத் திண்ணையிலோ ஓலைக்கொட்டகையிலோ பெண்களும் முதியவர்களும் வலையிலிருந்து நண்டைக் கழற்றுவது. கொடுக்கு பிடித்தால் விடாது என்பதால் பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் அந்த வேலையில் கை வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் படித்தோம். அவர்களைச் சந்திக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் உடனே ‘ஆம்’ என்று சொல்வதில்லை. பாம்பன், சின்னப்பாலம் தொடங்கி மன்னார் வளைகுடாவை ஒட்டிய பல ஊர்களில் பெண்கள் தலைமுறைகளாகக் கடலுக்குள் மூழ்கி, பாறைகளில் வளரும் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். உணவைக் கெட்டியாக்கும் அகர் எடுக்கப் பயன்படும் மரிக்கொழுந்துப் பாசியும், அதே போன்ற ஆல்ஜினேட் எடுக்கப் பயன்படும் கட்டக்கோரையும் முக்கியமானவை. கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலுக்கு ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு பை, இவ்வளவுதான் கருவிகள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் ஏறத்தாழ 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்றும், பாசியை வேரோடு பிடுங்காமல் பறிப்பது என்றும் அவர்களே தமக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி இந்தப் பெண்களின் உரிமைக்காகவும் அந்தக் கட்டுப்பாட்டுக்காகவும் உழைத்ததற்காக தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசை 2015-ஆம் ஆண்டில் பெற்றார்.

தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், அவர்களின் தொழிலுக்கும் வனத்துறையின் சட்டத்துக்கும் இடையே நெடுநாள் இழுபறி உண்டு. கேமராவோடு வரும் ஒவ்வொருவரும் யாருடைய ஆள் என்று அவர்கள் யோசிப்பது இயல்பு. ஒரு முறை நண்பர் ஒருவருக்காகக் கரையில் பாசியை உலர்த்திக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம், ‘கொஞ்சம் படம் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டேன். ‘எடுத்துக்கிட்டுப் போனவங்க எல்லாம் திரும்பி வந்து என்ன கொடுத்தாங்க?’ என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். எனக்குப் பதில் இல்லை.

ஆகவே தெரிந்தவர் மூலமாக, அவர்கள் கடலுக்குப் போகாத நாளில், அவர்கள் குறித்துத் தரும் நேரத்தில் மட்டும் போவது முறை. பாம்பனில் இயங்கும் 90.4 கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடத்தப்படுவது. கடல் நிலவரமும் ஊர்ப் பேச்சும் அதில் வருகின்றன. ராமேசுவரம் தீவுக்குள் நுழைந்ததும் வண்டியில் அதைப் போட்டுவிட்டால், யாரையும் தொந்தரவு செய்யாமலே பல செய்திகள் காதில் விழும்.

கீழக்கரையில் பார்க்க என்ன இருக்கிறது? அங்கே பிறர் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழியைச் சொல்லாத தமிழர் இல்லை. அந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இதுதான். உமறுப்புலவரை ஆதரித்தவரும் அவரே. ஊரின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைப் பார்ப்பவர்கள் முதலில் திகைத்துப்போவார்கள், ஏனென்றால் கல் தூண்களும் போதிகைகளும் ஒரு பாண்டிநாட்டுக் கோயில் மண்டபத்துக்குள் நிற்பது போன்ற எண்ணத்தைத் தரும். அதே சிற்பிகளின் கைமரபு, உருவங்களை விட்டுவிட்டுப் பூவும் கொடியும் மட்டும் செதுக்கியிருக்கிறது. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு, முழங்கால் மறைய உடுத்திப் போக வேண்டும். பெண்கள் உள்ளே செல்ல முடியாத இடங்கள் இருந்தால் அதை வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கீழக்கரையின் உண்மையான செல்வம் அடுப்படியில் இருக்கிறது. தேங்காய்ப்பாலை மாவோடும் கருப்பட்டியோடும் சேர்த்துக் கை ஓயும் வரை கிண்டி இறக்கும் தொதல் அந்த ஊரின் அடையாளம். இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் இதே பெயரில் இதே பண்டம் இருப்பது, இந்த ஊர் மரக்கலங்கள் எங்கெங்கே போய் வந்தன என்பதைச் சொல்லிவிடும். வட்டிலப்பமும் அப்படித்தான். தொதலைக் கடையில் வாங்கலாம். முதல் நாளே சொல்லி வைத்தால் வீட்டில் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும். கல்யாண வீட்டுக்கு யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். சஹன் எனப்படும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். உங்கள் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். நல்ல கறித்துண்டை எதிரில் இருப்பவர் உங்கள் பக்கம் தள்ளுவார், அது உபசாரம்.

ரமலான் மாதத்தில் பகலில் பல உணவுக்கடைகள் மூடியிருக்கும். மாலை ஊர் விழித்துக்கொள்ளும். நோன்புக் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு நிற்கும் வரிசையில் எல்லா மதத்துக் குழந்தைகளையும் பார்க்கலாம்.

மற்ற ஊர்களில் எங்கே சாப்பிடுவது?

பெயர்ப்பலகை பெரிதாக உள்ள இடங்களை விட்டு, மதியம் பன்னிரண்டரை மணிக்கு லாரி ஓட்டுநர்களும் வங்கி ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் மெஸ்ஸைத் தேடுங்கள். உள்ளே போனதும் ‘என்ன மீன் இருக்கிறது?’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘இன்றைக்கு வந்த மீன் எது?’ என்று கேளுங்கள். விளைமீன், பாறை, நகரை, ஊளி, சூடை என்று பதில் வரும். வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் விலை கூடிய வஞ்சிரத்தையே பரிந்துரைப்பார்கள், ஆனால் சூடையும் நெத்திலியும்தான் இந்தக் கரையின் அன்றாட ருசி. சுறாப்புட்டு கிடைத்தால் விடாதீர்கள். ராமேசுவரம் கோயிலைச் சுற்றி சைவ உணவே மிகுதி; மீன் வேண்டுமென்றால் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வர வேண்டும்.

தனுஷ்கோடி, ஏர்வாடி, மண்டபம் முகாம் போன்ற இடங்களில் எப்படி நடந்துகொள்வது?

மூன்றும் வெவ்வேறானவை. தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவுப் புயலில் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் கடலோடு போனது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவரில் ஏறி நின்று படம் எடுப்பவர்கள், சில அடி தள்ளிக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்னமும் வாழ்வதைக் கவனிப்பதில்லை. மணலில் கையளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் அங்கே உண்டு. கடலுக்கு இவ்வளவு அருகில் அது எப்படி என்று அவர்களிடம் கேளுங்கள், விளக்குவார்கள். அங்கே கடலில் இறங்கக் கூடாது. நீரோட்டம் கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தினரும் வருகிறார்கள். சந்தனக்கூடு விழாவின்போது சுற்றுவட்டார ஊர்கள் முழுவதும் அங்கே இருக்கும். மனநோயால் வருந்துவோரைக் குடும்பத்தினர் அழைத்து வந்து தங்க வைக்கும் இடமும் அதுதான். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அங்கே யாரையும் உற்றுப் பார்க்காதீர்கள், கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மண்டபத்து இலங்கைத் தமிழர் முகாம் மக்கள் குடியிருக்கும் இடம். அது பார்வையிடும் இடமே அன்று.

படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டுமா?

வேண்டும். வலைக்கும் படகுக்கும் தேவையில்லை. முகங்களுக்கு எப்போதும் தேவை. கடற்கரையில் குளித்துக்கொண்டிருப்பவர்களையும் தீர்த்தமாடுபவர்களையும் எடுக்கவே வேண்டாம். எடுத்த படத்தை அனுப்புவதாகச் சொன்னால் மறக்காமல் அனுப்புங்கள்.

என்ன வாங்கிப் போகலாம்?

முதலில் வாங்கக் கூடாதவை. பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சில வகைச் சங்குகளும் சிப்பிகளும் அப்படியே. ராமேசுவரம் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பளபளப்பான சிப்பிப் பொருட்களில் பல இந்தக் கடலைச் சேர்ந்தவையா என்பதே சந்தேகம் என்பது என் சொந்த எண்ணம்.

வாங்க வேண்டியவை கரையை ஒட்டிய மேட்டு நிலத்தில் கிடைக்கின்றன. சாயல்குடிப் பக்கம் போனால் பனங்காடு தொடங்கிவிடும். மாசி பிறந்ததும் பதநீர் வரத் தொடங்கும். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அதைக் காலையிலேயே, மடித்த பனையோலைப் பட்டையில் குடிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பாட்டிலில் வருவதை நான் தொடுவதில்லை. கருப்பட்டியைக் காய்ச்சும் இடத்திலேயே வாங்குங்கள். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பதில் சர்க்கரை கலந்திருப்பதே பெரும்பாலும் வழக்கம். பெண்கள் முடையும் ஓலைப்பெட்டிகளுக்குச் சொல்லும் விலையைக் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள், ஒரு பெட்டிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள். தை, மார்கழியில் பனங்கிழங்கு. மாசி, பங்குனியில் களங்களில் சிவப்பாகக் காய்வது முண்டு மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவாடு வாங்குகிறவர்கள் மூன்று உறைகளில் கட்டச் சொல்லுங்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் மனிதர்தானே.

கடலோரத்தை விட்டு உள்ளே வந்தால் பார்க்க ஏதாவது உண்டா?

‘தண்ணியில்லாக் காடு’ என்று பேர் வாங்கிய மாவட்டத்தின் பெருமைகளில் ஒன்று ஒரு கண்மாய் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள்: கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாரையாலும் ஒரே வீச்சில் பறக்க முடியாதாம். நல்ல மழை பெய்த ஆண்டில் தையில் அந்தக் கரையில் நின்று பாருங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் ஆகிய பறவைகள் சரணாலயங்களும் கண்மாய்கள்தான். தண்ணீர் இருந்தால் பறவை இருக்கும், இல்லாவிட்டால் வெறும் கருவேலங்காடு, ஆகவே போகும் முன் விசாரியுங்கள்.

வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் ரௌலட் எனப்படும், சக்கரத்தால் கோலம் பதித்த பானையோடுகளும் கிடைத்தன. அங்கே இன்று கண்ணுக்குத் தெரிவது ஒரு அமைதியான ஊர் மட்டுமே, எனக்கு அதுவே பிடிக்கும். திருவாடானைப் பக்கத்து ஓரியூரில், 1693 பிப்ரவரி 4 அன்று கத்தோலிக்கக் குருவான அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடத்துச் செம்மண்ணைப் பக்தர்கள் எடுத்துப் போகிறார்கள்.

மக்களை எப்படி அழைப்பது, எப்படிப் பேசுவது?

‘அண்ணே’, ‘அக்கா’ இரண்டும் எல்லா இடத்திலும் செல்லும். வயதானவர்களை ‘ஐயா’, ‘அம்மா’ என்றோ ‘ஆத்தா’ என்றோ அழைக்கலாம். கீழக்கரையில் மூத்த சகோதரரைக் ‘காக்கா’ என்றும் மூத்த சகோதரியை ‘லாத்தா’ என்றும் அழைப்பதைக் கேட்பீர்கள். பழகும் முன் நீங்களும் அப்படி அழைத்தால் நடிப்பது போல் இருக்கும், ‘பாய்’ அல்லது ‘அண்ணே’ போதும். இளைஞராகத் தெரிந்தாலும் படகுக்காரரை ஒருமையில் பேசக் கூடாது. சாதி விசாரிப்பது போன்ற கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். ‘நீங்க எந்த ஊருப் பக்கம்?’ என்பதற்கு அப்பால் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் ஒதுக்கிக் காட்டியவர்களுக்குப் பணம் கொடுப்பது அவமதிப்பாகுமா?

யாருடைய உழைப்பு நேரத்தை எடுத்துக்கொண்டீர்களோ அவருக்குக் கூலியாகக் கொடுங்கள். அதை முன்கூட்டியே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. வீட்டுக்குள் அழைத்துச் சாப்பாடு போட்டவருக்குப் பணம் நீட்டுவதுதான் அவமதிப்பு. அங்கே பழமோ குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகமோ போதும். கூட வந்த ஆட்டோ ஓட்டுநர் நல்ல வழிகாட்டியாக அமைந்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும். அவர் சிப்பிக் கடை வாசலில் நிறுத்தினால் இறங்க வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வாருங்கள். முதல் நாள் கிளம்பிய விசைப்படகுகள் கரை சேரும் வேளையில், விடியும்போதே ராமேசுவரம் துறைமுகத்தில் இருங்கள். ஏலம் ஓய்ந்ததும் தேநீர் குடித்துவிட்டு, அந்த மீன் வாடையோடு கோயிலுக்குப் போக முடியாது என்பதால் குளித்துவிட்டு, தீர்த்தமாடப் போங்கள். மதியம் பாம்பனில் மீன் சாப்பாடு. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் ஊர்வதைச் சாலைப் பாலத்திலிருந்து பார்க்கலாம், ஆனால் வண்டியை அங்கே நிறுத்திப் போக்குவரத்தை அடைக்காதீர்கள். வெயில் தாழ்ந்ததும், 1897-இல் விவேகானந்தர் கரையிறங்கிய குந்துகாலுக்குப் போய் இருட்டும் வரை சும்மா உட்கார்ந்திருங்கள். தனுஷ்கோடியை இந்த முறை விட்டுவிடலாம். இரவு விடுதிக்குத் திரும்பும் வழியில் துறைமுகத்தை எட்டிப் பார்த்தால், புதன்கிழமைக்காகப் படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.